உயிருள்ள கல்லின் கதை

கடல் மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது நெடுங்காலம் பெரும்பாடாகவே இருந்தது. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா தேங்கினால் மீனையே கொன்றுவிடும். 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் எளிய வழியொன்றை வெளியிட்டார். கடல்நீர், சிறிது காற்றுக்குமிழி, கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பவளக் கற்கள், அவ்வளவே!

கல்லுக்கு ஏது உயிர்? அதன் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியங்களே அந்த உயிர். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. பிராணவாயு எட்டாத உட்துளைகளில் வாழ்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. திருப்பூரில் சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களிலும் நுண்ணுயிர்களுக்கு வேலை உண்டு.

ஆனால் கடலை விட்டு வந்த கல்லை அப்படியே தொட்டியில் இடலாகாது. வழியில் மடிந்த கடற்பஞ்சுகளும் புழுக்களும் அழுகி நீரை நஞ்சாக்கும். அவற்றைத் தூரிகையால் தேய்த்து நீக்கி, குழாய்நீர் படாமல் கடல்நீரிலேயே அலசி, தனித் தொட்டியில் சில வாரங்கள் போட்டு வைப்பார்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றுப்போனால் கல் தயார்.

நம் மன்னார் வளைகுடாப் பவளமோ சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிற்று. வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்கும் அரண் குலைந்து, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கின. எஞ்சியுள்ள தீவுகள் அடங்கிய பகுதி 1986இல் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. இன்று அங்கே ஒரு துண்டு எடுப்பதும் குற்றம்.

தொட்டி வைக்க விரும்புவோருக்குத் துளைகள் நிறைந்த செயற்கைக் கல் இருக்கிறது. பாக்டீரியங்கள் குடியேறச் சில வாரங்கள் பொறுத்தால் அதுவும் உயிருள்ள கல்லாகிவிடும்.