கருவறையில் கேட்ட குரல்

"தலைவிதி!" பிள்ளை இறந்து பிறந்தால், பெற்றவளின் வாயை அடைக்க உலகம் வைத்திருந்த சொல் இது. வயிற்றுக்குள் நடப்பதை யாரறிவார் என்று கைவிரித்தனர் பலர். அறியலாம் என்று காது கொடுத்தனர் சிலர். அந்தச் சிலரின் வரலாறு, தோழர்களே, நாம் அறியவேண்டிய வரலாறு!

1818இல் ஜெனிவா மருத்துவர் மேயர், தாயின் வயிற்றில் காதை வைத்துக் கருக்குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். 1821இல் பாரிசில் கெர்கராடெக், லென்னெக் 1816இல் ஆக்கிய ஸ்டெதாஸ்கோப்பை வைத்துத் தேடியதோ கருப்பை நீரின் சலசலப்பு. கேட்டதோ தாயின் நாடியினும் விரைந்தோடும் மற்றொரு நாடி! அதன் மாற்றங்களைக் கொண்டு குழந்தையின் நலம் அறியலாகாதா என வினவினார் அவர். 1833இல் டப்ளின் மருத்துவர் எவரி கென்னடி இதுபற்றி நூலே எழுதினார். 1895இல் பினார்டின் ஊதுகுழல் வந்தது.

ஆயினும் காது இடையிடையேதான் கேட்கும். 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகத்து எட்வர்ட் ஹான், துடிப்பை மின்கருவியால் இடைவிடாது பதியும் வழி கண்டார். தாளில் ஓடிய கோடு பேசிற்று. நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை துடிப்பது இயல்பு. வலியோடு தாழ்ந்து வலியோடு மீண்டால், தலை அழுந்துகிறது, பெரும்பாலும் அச்சமில்லை. வடிவம் மாறிமாறித் திடீரெனச் சரிந்தால், கொடி நெரிபடுகிறது. வலி உச்சம் கடந்தபின் தாழ்ந்து, தாமதித்தே மீண்டு, அதுவே தொடர்ந்தால், உயிர்க்காற்று குறைகிறதோ என விழித்தெழ வேண்டும். சிற்றலையற்றுத் தட்டையாய் நீளும் கோடும் எச்சரிக்கையே.

எந்திரம் சொன்னபின் எதிர்ப்பேச்சு ஏது என்று மருத்துவமனைகள் பல அதனை ஏற்றன. அறிவியல் அத்துடன் நின்றதா? இல்லை! தன் கருவியையே கூண்டிலேற்றியது. டப்ளினில் 12,964 தாய்மார்களிடம் நடந்து 1985இல் வெளியான ஆய்வு, எந்திரத்தையும் இடையிடையே கேட்கும் காதையும் ஒப்பிட்டது. எந்திரத்தின் பக்கம் சிசுக்களின் வலிப்பு ஏறத்தாழப் பாதியாயிற்று. இறந்த சிசுக்களோ இருபுறமும் 14. பின்னர்ப் பார்த்தபோது, பெருமூளை வாதமும் குறையவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்தபோதோ, எந்திரத்தின் பக்கம் அறுவைப் பேறு மிகுந்திருந்தது. நலமுள்ள தாய்க்கு இடையிடையே கேட்பதே போதும் என 2018இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எந்திரம் பொய்யன்று, அதனை எங்கே, எவருக்கு வைப்பது என்பதே கேள்வி.

விதி என்றவன் கேட்கவே மறுத்தான். எந்திரமே தெய்வம் என்பவன் கேட்டபின் சிந்திக்க மறுக்கிறான். இரண்டும் ஒரே நோய்! ஏடு சொன்னாலும் எந்திரம் சொன்னாலும் 'மெய்தானா?' என்று கேட்பதே பகுத்தறிவு. அந்தக் கேள்வியில் ஊசலாடுவது வாதத்தின் வெற்றியன்று. ஒரு தாயின் உடல், ஒரு குழந்தையின் உயிர்!