கொழும்புக் கடலில் குதித்த ஐவர்

தியத்தலாவ என்றால் எமக்கு குளிரும் இராணுவ முகாமும்தான் நினைவு. 1900இல் பிரித்தானியர் தென்னாபிரிக்க போயர் யுத்தக் கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து அடைத்ததும் அங்கேதான்.

1901 ஜனவரியில் கைதிகளை ஏற்றிவந்த கப்பலொன்று கொழும்புத் துறைமுகத்தில் நின்றது. வில்லி ஸ்டெய்ன் உட்பட ஐவர் இரவோடிரவாகக் கடலில் இறங்கி, நீந்திப் போய் 'கெர்சன்' என்ற ரஷ்யக் கப்பலில் ஏறிக்கொண்டனர். ரஷ்யர்கள் காட்டிக்கொடுக்கவில்லை. ரஷ்யா, ஐரோப்பா என்று சுற்றி மறுபடியும் தங்கள் யுத்தகளத்துக்கே போய்ச் சேர்ந்தனர்.

1902இல் போயர்கள் தோற்றனர். மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால் கைதிகள் ஊர் போகலாம். ஏங்கல்பிரெக்ட் என்பவர் மறுத்தார். இங்கேயே தங்கி, யால சரணாலயத்தின் முதல் காவலரானார்.

தியத்தலாவைக்கும் யாலவுக்கும் நாம் எத்தனை தடவை சுற்றுலா போயிருப்போம்! அடுத்த முறையாவது பிள்ளைகளுக்கு இவர்களைப் பற்றிச் சொல்வோம்.