கயத்தாறும் ஒரு கல்லும்

அக்டோபர் 16. காலண்டரில் அன்றைக்குச் சிவப்பு எழுத்து கிடையாது. ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் ஒழிய பள்ளிக்கூடம் உண்டு, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் திறந்திருக்கும், பஸ் ஓடும். ஆனால் 1799-இல் இதே தேதியில்தான் கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கும் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள்.

இப்படிப்பட்ட ஒரு நாளில் நாம் என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் துக்கம் அனுசரிக்க வேண்டுமா? இல்லை, வழக்கம்போல வேலையைப் பார்த்தால் அது மறதி ஆகிவிடுமா? இந்தக் கேள்விக்கு எங்கள் கரிசல் காடு ஒரு பதில் வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரான கட்டபொம்மனுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் வரி விஷயத்தில் தகராறு. 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்திக்கப் போன இடத்தில் அது கைகலப்பாகவே ஆனது. மறு வருடம் செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படையோடு வந்து கோட்டையைத் தாக்கினார். கட்டபொம்மன் தப்பிப் போனார். ஆனால் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள் அவரைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். கயத்தாற்றில் மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து உட்கார வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே விசாரணை நடத்தித் தூக்கில் போட்டார்கள். பார்த்தவர்கள் பயப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

பயப்படவில்லை! 1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். இடிந்த கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்தது. அதை மே மாதம் பிடித்த கம்பெனி, நவம்பரில் ஊமைத்துரையையும் கொன்றது. கோட்டையைத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தை உழுது, ஆமணக்கும் உப்பும் விதைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே ஊர்க் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதாவது, மறந்துவிட வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு!

அப்படிப்பட்ட காலத்தில் யார் நினைவு நாள் கொண்டாடியிருக்க முடியும்? மக்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்று, கதைப்பாடல்கள். இன்னொன்று, கல். தூக்கிலிட்ட இடத்தைக் கடந்து போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அது வருடக்கணக்கில் வளர்ந்து பெரிய கற்குவியலாகவே ஆகிவிட்டது. சிலை, மணிமண்டபம் எல்லாம் அதற்கு வெகு காலம் கழித்து வந்தவை.

ஏன் கல்? இது என் யூகம்தான். கரிசல் மானாவாரி பூமி. அக்டோபர் நடுப்பகுதி என்றால் புரட்டாசிக் கடைசி, வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து உளுந்து, பாசி, சோளம், கம்பு, பருத்தி என்று விதைப்பு நடக்கும் நேரம். ஈரப் பதம் தப்பினால் அந்த வருடமே போச்சு. அந்த நாளில் ஒரு சம்சாரியிடம் "இன்று வேலை செய்யாதே" என்று சொன்னால் அவன் எங்கே போவான்? ஆனால் கல் போட அரை நிமிடம் போதும். கூலி போகாது, விதைப்பு நிற்காது, நினைவும் நிற்காது.

இதை எதிர்த்து ஒருவர் கேட்கலாம்: "அப்படியானால் சுனாமி நாளில் ஏன் பல மீனவக் கிராமங்களில் கடலுக்குப் போவதில்லை?" நியாயமான கேள்வி. 2004 டிசம்பர் 26-இல் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இன்றும் அந்தத் தெருவில் இருக்கிறாள். 2018 மே 22-இல் தொடங்கிய தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் பலியான 13 பேரின் வீடுகளும் அப்படித்தான். பச்சைப் புண்ணுக்கு ஒரு முழு நாள் வேண்டும். அந்த நாளை அவர்களே தேர்ந்தெடுத்துக் கொள்கிறார்கள் என்பதும் முக்கியம். மற்றவர்கள் மேல் கடையடைப்பைத் திணிப்பது வேறு விஷயம். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்கு ஒரு நாள் அடைப்பு என்றால் அன்றைய அடுப்பு எரியாது. மாதச் சம்பளக்காரர்களுக்கு அது வெறும் விடுமுறை!

அன்றாட வாழ்க்கையோடு நினைவைச் சேர்த்து வைக்க அரசாங்கமும் ஒரு காலத்தில் முயன்றது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் இருந்தது, கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் இருந்தது. வேலைக்குப் போகிறவர் தினமும் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் பஸ் ஏறினார். 1997-இல் புதிய கழகம் ஒன்றுக்குக் கட்டபொம்மன் படையில் போரிட்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தபோது சாதிக் கலவரம் வெடித்தது. கடைசியில் மாவட்டங்கள், கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒரே தலைவனுக்காக ஒரே பக்கம் நின்று போரிட்டவர்களின் பெயர்களை இருநூறு வருடம் கழித்து நம்மால் சேர்த்து வைக்க முடியவில்லை. இப்போது இந்தப் பக்கம் பெரிய நினைவு விழா என்றால் கூடவே தடையுத்தரவும் வருகிறது. கம்பெனி பெயரை அழித்தது பழைய கதை. 1997-இல் அழியக் காரணம் நாம்தான் இல்லையா?

அதனால்தான் எனக்கு அந்தக் கல் பிடித்திருக்கிறது. யார் போட்ட கல் எது என்று குவியலில் தெரியாது. அதில் சாதி இல்லை, ஊர்வலம் இல்லை, யார் முதலில் மாலை போடுவது என்ற சண்டையும் இல்லை.

ஒரு குறையும் உண்டு. காரணம் தெரியாமல் போட்டால் அது வெறும் கல்தான். 1959-இல் வந்த சினிமா வசனம் மட்டும் தெரிந்திருப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆகவே விடுமுறை வேண்டாம். அக்டோபர் 16 அன்று எல்லா வகுப்பிலும் பத்து நிமிடம் அந்தக் கதையைச் சொன்னால் போதும். ஊமைத்துரை, சுந்தரலிங்கம், நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்ட சுப்பிரமணிய பிள்ளை, பெயர் தெரியாத சம்சாரிகள் எல்லோரும் அதில் வர வேண்டும். மணி அடித்ததும் கணக்குப் பாடம் தொடங்கட்டும்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு நாள் இருக்கிறதா? அன்றைக்கு என்ன செய்கிறீர்கள்?