சிறுநீரக நோயும் இருதயமும்: மலையகத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

1885ஆம் ஆண்டு நானுஓயாவரை நீண்ட புகையிரதப் பாதையில், தலவாக்கலையை அடுத்து அமைந்த நிலையம் வட்டகொடை. அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் மக்களைப் பற்றிக் கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகிய நோக்குகளில் எழுதப்பட்ட அளவுக்கு, அவர்தம் உடல்நலம் பற்றி எழுதப்பட்டதில்லை. சிறுநீரக நோயாளருட் பலர் இருதயக் கோளாற்றினாலேயே இறக்கின்றனர் என்ற மருத்துவ உண்மை எவ்வாறு அறியப்பட்டது, அவ்வறிவு மலையகத்துக்கு உணர்த்துவது யாது என்பன ஈண்டு நோக்கப்படுகின்றன.

இவ்வறிவின் தொடக்கம் இலண்டன் கைஸ் மருத்துவமனையிலாகும். அங்கு பணியாற்றிய றிச்சர்ட் பிறைட், நோயாளரின் சிறுநீரைக் கரண்டியிலிட்டு மெழுகுதிரிச் சுடரிற் சூடாக்கினார். புரதம் இருப்பின் அது திரளும். 1836இல் அவர் வெளியிட்ட நூறு நோயாளர் பற்றிய அட்டவணையில், 52 பேரின் இருதயம் தடித்திருந்தமை பதிவாகியுள்ளது. அவருள் 34 பேரிடம் வால்வு நோய் எதுவும் காணப்படவில்லை. வால்விற் பழுதில்லாத இருதயம் தடித்தமைக்குக் காரணம் யாது? மாற்றமுற்ற குருதி இருதயத்தை நேரடியாகத் தூண்டியிருக்கலாம், அல்லது நுண்குழாய்களில் ஏற்பட்ட தடை அதன் உழைப்பை மிகுத்திருக்கலாம் எனப் பிறைட் கருதினார்.

அதே மருத்துவமனையிற் பின்னர் ஆய்வு செய்தவர், பாட்னாவிற் பிறந்த சேக் தீன் மகமதுவின் பேரரான பிரெடெரிக் அக்பர் மகமது. நாடித்துடிப்பை வரையும் கருவியைக் கொண்டு, சிறுநீரிற் புரதம் தோன்றுமுன்னரே குருதியமுக்கம் உயரக்கூடும் என அவர் காட்டினார். 1896இல் றிவா-றொச்சி அமைத்த கைப்பட்டையும், 1905இல் கொறொட்கோவ் விளக்கிய ஒலிகளும் அவ்வமுக்கத்தை எளிதில் அளக்க வழிசெய்தன.

உயர்ந்த அமுக்கத்துக்கு எதிராகக் குருதியைத் தள்ளும் இடது இதயவறையின் தசை தடிக்கிறது. வெளியேறாத உப்பும் நீரும் அதன் சுமையைப் பெருக்குகின்றன. குருதிச்சோகை அதனை மேலும் உழைக்கச் செய்கிறது. காலப்போக்கில் தசைநார்களிடையே வடுத்திசு பரவ, இருதயம் விறைத்துப் போகிறது. துடிப்பின் ஒழுங்கு குலைந்து திடீர் மரணமும் நேரலாம்.

1960இல் சியாற்றிலில் நீண்டகால டயலிசிஸ் சாத்தியமானபோது, சிறுநீரக மரணம் வெல்லப்பட்டதாகத் தோன்றியது. ஆயின் அம்முறையாற் பதினோராண்டு வாழ்ந்த முதல் நோயாளர் 1971இல் மாரடைப்பால் இறந்தார். கனடிய நோயாளரிடையே நிகழ்ந்து 1995இல் வெளியான ஓர் ஆய்வு, டயலிசிஸ் தொடங்கும் வேளையிலேயே நால்வரில் ஏறத்தாழ மூவரின் இடது இதயவறை தடித்திருந்தமையைக் காட்டிற்று. கேடு சிகிச்சைக்கு நெடுநாள் முன்னரே தொடங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

இனி மலையகத்தை நோக்குவோம். கோப்பி மாவட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இற் சட்டம் இயற்றப்பட்டது; 1912இல் மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் கொழுக்கிப்புழு ஒழிப்பு தோட்டங்களில் தொடங்கிற்று. அப்புழு குருதியை உறிஞ்சிச் சோகையை விளைவிப்பது. கடுஞ்சோகையோ இருதயத்தை விரிவடையச் செய்வது. எனவே, தோட்ட மருத்துவத்தின் தொடக்ககாலப் பெருமுயற்சி ஒன்று, அறிந்தோ அறியாமலோ, இருதயத்தையும் காத்த முயற்சியாகும். எனினும் தொற்றுநோயும் புழுநோயும் வெளிப்படையாய் வருத்துவன. குருதியமுக்கமும் சிறுநீரக நலிவுமோ ஓசையின்றி வளர்வன. அளந்து பார்ப்பார் இல்லாதவிடத்து, அவ்வாறு நேரும் இறப்பு 'நெஞ்சடைப்பு' என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடும்; அதன் பின்னால் நின்ற சிறுநீரகத்தை எவரும் வினவார்.

1990களில் வட மத்திய மாகாணத்திற் கண்டறியப்பட்ட காரணம் அறியாச் சிறுநீரக நோய் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. அந்நோயின் தொடக்கத்திற் சிறுநீர்ப் புரதம் குறைவாகவே காணப்படலாம், குருதியமுக்கமும் இயல்பாயிருக்கலாம். ஆகவே குருதியிற் கிரியற்றினின் அளவையும் சோதித்தல் வேண்டும். ஒரு சோதனை மட்டும் போதாது என்பதே அந்நோய் தரும் பாடம்.

பிறைட்டுக்கு வேண்டியிருந்தவை கரண்டியும் சுடரும் மட்டுமே. இன்று சிறுநீர்ச் சோதனைத் தாள், கைப்பட்டை, ஒரு துளிக் குருதி ஆகியன போதும். அவற்றைத் தோட்ட மருந்தகத்திலும் கையாள இயலும். ஏறத்தாழ இரு நூற்றாண்டு பழமையான ஓர் அறிவு லயத்து வாசலை எட்டாதிருப்பின், அக்குறை மருத்துவ அறிவியலின் குறையன்று. அதனைக் கொண்டுசேர்க்கக் கடமைப்பட்ட சமூகத்தின் குறையே எனல் பொருந்தும்.