“நீங்கள் லெட்சுமிதானே?”

கெடா தோட்டங்களில் ஒரு காலத்தில் டிரெசர்தான் மருத்துவர். பெரிய டாக்டர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். டிரெசர் கொடுக்கும் மருந்து எதற்கு என்று பால்மரம் வெட்டிய நம்மவர்கள் பெரும்பாலும் கேட்டதில்லை. “ஐயா கொடுத்தார், குடித்தேன்”, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் மருத்துவமனைகள் வரை நம்மோடு வந்துவிட்டது.

மருத்துவர்களும் தங்களைத் தாங்களே கேள்வி கேட்டுக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணம் அறுத்த கையோடு மருத்துவ மாணவர்கள் பிரசவ வார்டுக்குப் போவதைத் தடுத்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். தாய்மார்களின் மரணம் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும், டாக்டர் கையே உயிரைப் பறிக்கிறது என்பதை மூத்தவர்கள் பலர் ஏற்கவில்லை. 1865இல் மனநலக் காப்பகத்தில் அவர் இறந்தார்.

1999இல் அமெரிக்காவில் வந்த ஓர் அறிக்கை, தடுக்கக்கூடிய மருத்துவத் தவறுகளால் அங்கே ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. தனி மனிதரைவிட வேலைமுறையில்தான் கோளாறு அதிகம் என்றும் சொன்னது. மலேசியாவில் 2003இல் நோயாளி பாதுகாப்பு மன்றம் அமைந்தது. 2009இல் உலகச் சுகாதார நிறுவனம் மருத்துவக் கல்லூரிகளுக்காக 11 தலைப்புகளில் ஒரு பாடத்திட்ட வழிகாட்டியே வெளியிட்டது.

இதற்கிடையே 2001இல் ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. மூலம் கெடாவில் ஏய்ம்ஸ்ட் தொடங்கியது. செமிலிங்கில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில் தோட்டத்துப் பிள்ளைகளும் மருத்துவம் படிக்கிறார்கள். தாத்தா கேட்காத கேள்வியைப் பேரன் கேட்க வேண்டிய இடம் இது.

பெயர் கேட்பதையே பாருங்கள். “நீங்கள் லெட்சுமிதானே?” என்றால், காது சரியாகக் கேட்காத பாட்டிகூட “ஆமாம் ஐயா” என்று தலையாட்டுவார். அதே வார்டில் முனியாண்டி மகள் லெட்சுமியும் முனுசாமி மகள் லெட்சுமியும் இருந்தால்? அதனால் “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டு, அடையாள அட்டை எண்ணையும் ஒப்பிட வேண்டும்.

இதைவிடக் கடினமானது, மூத்த மருத்துவரிடம் “சற்றுப் பொறுங்கள்” என்பது. பெரியவர்கள் பேசினால் வாய் திறக்காதே என்றுதானே நம் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம்! ஒருமுறை சொல்லிக் காதில் விழாவிட்டால் மறுமுறையும் சொல், அப்போதும் நடக்காவிட்டால் அவருக்கும் மேலே உள்ளவரிடம் போ என்று அந்த வழிகாட்டி சொல்கிறது. இதை வகுப்பில் நடித்துப் பழகலாம். வார்டில் நிஜமாகச் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

“எழுதித்தானே வைத்திருக்கிறது, படிக்கத் தெரியாதா?” என்று மறுபடி மறுபடி பெயர் கேட்கும் இளம் மருத்துவர்களை நம்மவர்கள் சிலர் கடிந்துகொள்வதுண்டு. படிக்கத் தெரிந்ததால்தான் அவர்கள் கேட்கிறார்கள்.