மித்திக் கரையில் ஒரு நடை

மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாகக் குடியிருக்கும் நம்மவரிடம், ‘உங்கள் ஆறு எது?’ என்று வினவினால், பொருநை என்பர், காவிரி என்பர். தாராவியின் வடபுறத்தே ஓடும் மித்தி ஆற்றின் பெயரைச் சொல்பவர் அரியர். அதனை ஆறென்று கருதுவதையே நாம் விட்டுவிட்டோம். ஆயினும் அந்த ஆற்றின் கதையில் நம்மவருக்கும் பங்குண்டு. அதை அறியச் சுவடிச்சாலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. கால்நடையாகச் சென்றாலே போதும்.

‘மித்தி’ என்னும் சொல்லுக்கு இனியது என்று பொருள். விஹார், பவாய் ஏரிகளின் மிகைநீரே இந்த ஆறு. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, மாகிம் கழியில் கடலோடு கலக்கிறது. நகருக்குக் குடிநீர் வேண்டி விஹார் ஏரியை 1860-இல் கட்டி முடித்தனர். இந்த நீரை இனியதென்று பெயரிட்டு அழைத்தவர்கள் அதைப் பருகியும் இருப்பர் அல்லவா? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, பொருள் போய் ஒலி மட்டும் நிற்கும் சொற்களுள் இதைப் போல வருத்துவது வேறொன்றில்லை.

மாட்டுங்காவிலிருந்து வடக்கே நடந்தால் சயான் வரும். மராத்தியில் அது ‘சீவ்’; அதாவது எல்லை. அங்கிருந்து மேற்கே தாராவியில், வீடுகளின் நெருக்கத்தினிடையே ‘காலா கில்லா’ என்னும் கருங்கற்கோட்டை நிற்கிறது. அதன் கல்வெட்டு 1737ஆம் ஆண்டைக் குறிக்கிறது. எதிர்க்கரையிலிருந்த சாஷ்டித் தீவு போர்ச்சுகீசியரிடமிருந்து மராத்தியர் கைக்கு மாறிய ஆண்டு அது. ஆங்கிலேயர் அன்று காத்து நின்ற நீர்வழி இந்த மித்தியே.

கோட்டைக்கும் முற்பட்டவர்கள் கோலி மீனவர்கள். பம்பாயின் பெரிய கோலிவாடாக்கள் ஆறனுள் தாராவியும் ஒன்றென 1909ஆம் ஆண்டின் அரசு விவரச்சுவடி எண்ணுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயானிலும், 1840-களில் மாகிமிலும் நீருக்குக் குறுக்கே பாலச்சாலைகள் எழுந்தன. கழி மெல்லத் தூர்ந்தது, மீன் குறைந்தது. தூர்ந்த அந்த நிலத்தில்தான் தோல் பதனிடும் தொழில் வந்து தங்கிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர் பலர் அத்தொழிலில் உழைத்தே குடும்பம் காத்தனர். நகரம் தான் விரும்பாத தொழிலையும் குப்பையையும் ஒருங்கே இந்த ஓரத்தில் ஒதுக்கியது. அங்கே உழைத்தவர்மீது பழி சுமத்துவது முறையன்று.

ஆற்றின் தென்கரையில் அந்தக் குப்பை மலைபோல் குவிந்து கிடந்தது. 1970-களின் பிற்பகுதியில் கொட்டுவது நின்றது. காட்டுயிர் ஆர்வலர்களின் முயற்சியால் அங்கே ஒரு காடு வளர்க்கும் எண்ணம் பிறந்தது. குப்பையின்மேல் மண் பரப்பி மரம் நட்டனர். 1994-இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. பரப்பு 37 ஏக்கர். இன்று அங்கே நடப்பவர் காலடியில் கிடப்பது மக்காத குப்பை. தலைக்குமேல் இருப்பது இலைக்கூரை. சருகு விழுந்து மண்ணாகிறது, மண்ணில் புழு, புழுவைத் தேடிப் பறவை. கொட்டுவதை நிறுத்தி, நட்டதைக் காத்ததனால், ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றம் இது.

ஆனால் பூங்காவின் ஓரத்தில் ஓடும் நீர் அவ்வாறு திருந்தவில்லை. நிலத்தில் கொட்டுவது நின்றது. நீரில் விடுவது நிற்கவில்லை. ஆற்றின் வழியையும் குறுக்கினோம். விமான நிலையத்தை ஒட்டி அது செங்கோணமாகத் திரும்புகிறது. சதுப்பின்மேல் பாந்திரா–குர்லா வணிக வளாகம் எழுந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்தது. போக இடமின்றி மித்தி வீடுகளுக்குள் புகுந்ததை நேயர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் ஆற்றை ஆழப்படுத்தினர், அகலப்படுத்தினர், கரையில் சுவர் எழுப்பினர். சுவர் வெள்ளத்தைச் சிறிது தடுக்கலாம். ஆற்றுக்கு உயிர் தராது என்பது என் எண்ணம்.

சுவரில்லாத இடத்தில் கண்டல் மரம் தானே முளைக்கிறது. ஓதத்தில் மிதந்து வரும் அதன் வித்து, சேறு கிடைத்த இடத்தில் வேரூன்றும். சேற்றினின்று விரல்போல் மேல்நோக்கி எழும் வேர்களால் அது மூச்சு விடுகிறது. பிச்சாவரம் கண்டவர்க்கு இது புதிதன்று. கண்டலை அழிப்பதற்கு உயர்நீதிமன்றம் 2005-இல் தடை விதித்தது. 2018-இல் அதனை உறுதிப்படுத்தியது.

செம்பூரில் இருப்போர் தெற்கே மாஹூல் பக்கம் நடக்கலாம். 1950-களின் நடுவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்த கரை அது. அதன் சேற்று வெளியிலும் எதிரே சீவ்ரியிலும் 1990-கள் முதல் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. வடக்கே தானே கழியில் 2015-இல் அவற்றுக்கெனச் சரணாலயம் அறிவித்தனர். 2022-இல் அது ராம்சர் ஈரநிலமாயிற்று. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிறு பூநாரையின் உணவு நுண்பாசி, நகரின் கழிவுநீர் தரும் ஊட்டத்தால் அப்பாசி செழிக்கிறது என்பர் ஆய்வாளர். ஆகவே பறவை வந்ததனால் நீர் தூயதாயிற்று என்று கொள்வதற்கில்லை. 2024 ஜனவரியில் திறந்த நெடுங்கடற்பாலமும் சீவ்ரியிலிருந்தே தொடங்குகிறது.

காண விரும்புவோர் நவம்பர் முதல் மே வரை, ஓதம் வடியும் வேளை பார்த்துச் செல்க. கொடியக்கரைப் பக்கத்து முதியவர் எவரேனும் வீட்டில் இருந்தால் உடன் அழைத்துச் செல்லுங்கள். பூநாரையை அவர் முன்பே அறிந்திருப்பார்.