இரண்டாவது கையெழுத்து

தர்மபுரி மாவட்டத்தில் 251 கிராம ஊராட்சிகள். தலைவர் தேர்தல் வந்துவிட்டால், வாக்குச்சீட்டில் பெயரே இல்லாத ஒருவருக்கும் சேர்த்துத்தான் இங்கே ஓட்டுக் கேட்பார்கள். "பூட்டு சாவிக்குப் போடுங்க, வைஸு நம்ம மேல்கொட்டாய்க்காரருதான்" என்பார்கள். சட்டத்தில் அப்படியொரு ஏற்பாடு கிடையாது. தலைவரை ஊர் முழுக்க இளஞ்சிவப்புச் சீட்டில் தேர்ந்தெடுக்கிறது. வார்டு உறுப்பினருக்குத் தனிச்சீட்டு. ஜெயித்த உறுப்பினர்கள் பிறகொரு நாள் கூடி, தங்களுக்குள் ஒருவரைத் துணைத் தலைவராக்க வேண்டும். நடப்பில் அந்தக் கூட்டத்துக்குப் பல மாதம் முன்பே, வேட்புமனு வாங்குவதற்கும் முன்பே, வைஸு யார் என்பது முடிவாகியிருக்கும்.

நான் பகுதி நேர எழுத்தராகச் சேர்ந்து, ஊராட்சி உதவியாளராகி, செயலராக ஓய்வு பெற்றவன். ஒன்றியத்தின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் என்னோடு ஒரே பெஞ்சில் டீ குடிக்கிறவர்கள்.

இரண்டு பேரை வைத்து ஊரை நடத்துவது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. பழைய ஊர்க்கட்டில் ஊர்க்கவுண்டருக்குப் பக்கத்தில் மந்திரிக்கவுண்டர் உட்காருவார். தீர்ப்பைச் சொல்வது முன்னவர். அதற்கு முன் அவர் காதோடு பேசுவது பின்னவர். சர்க்கார் பக்கமும் இதே கதைதான். மணியக்காரர் வரி தண்டினார், கர்ணம் கணக்கு எழுதினார். ஒருவர் கையில் பணம், இன்னொருவர் கையில் நோட்டு. ஒருவரை ஒருவர் ஏமாற்ற முடியாது. சேர்ந்து ஊரை ஏமாற்றலாம், அதுவும் நடந்ததுதான்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவிடமிருந்து, எங்கள் பக்கமும் அடங்கிய பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. அதை நிர்வகிக்க கார்ன்வாலிஸ், சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகளை நம்பவில்லை. ஊர்ப் பாஷை தெரிந்த பட்டாளத்துக்காரர் அலெக்சாண்டர் ரீடை அனுப்பினார். ரீடுக்கு உதவியாக வந்த மன்றோ, கிரஹாம், மக்லவுட் மூவரும் ராணுவத்தார்தான். அவர்களில் தாமஸ் மன்றோ தர்மபுரியில் தங்கி, தோட்டம் போட்டு, 1799 வரை இந்தப் பக்கத்து வயல் வரப்பெல்லாம் சுற்றினார். மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் ஆள் இல்லை அவர். தீர்வை விஷயத்தில் தனக்குப் பட்டதை ரீடுக்கே நீளநீளமாக எழுதினார். ரீடும் எழுத விட்டார். 1820-இல் சென்னை கவர்னராக வந்தது அந்த உதவியாளர்தான். உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி என்றால் இன்று மன்றோ பெயரைச் சொல்கிறார்கள். ரீடின் பெயர் ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும் தெரியும். உதவிக்கு வந்தவன் தன்னைத் தாண்டிப் போய்விடுவானோ என்ற பயம் ரீடுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் ஊராட்சித் தலைவர்களுக்கு அது நிறையவே உண்டு.

1816-இல் கிராமத் தலைவரான மணியக்காரருக்குப் போலீஸ் வேலையும் சில்லறை வழக்குத் தீர்க்கும் வேலையும் சேர்ந்தன. மணியமும் கர்ணமும் பரம்பரையாக அப்பன் பிள்ளை என்று ஓடி, 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசின் அவசரச் சட்டத்தோடு ஓய்ந்தன. வி.ஏ.ஓ. வந்தார். ஆனால் ஒரு கையெழுத்தை இன்னொரு கையெழுத்தால் கட்டிப்போடும் யோசனை போகவில்லை. 1994-ஆம் வருஷத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் அது வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது: ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

1996 அக்டோபரில் அந்தச் சட்டப்படி முதல் தேர்தல் நடந்தபோது இந்த ஒரு வரியின் பலம் யாருக்கும் புரியவில்லை. வைஸு பதவியை ஒரு மாலை மரியாதையாகத்தான் பார்த்தார்கள். எங்கள் பக்கத்து ஊராட்சி என்பது ஒரே ஊர் அல்ல. தாய்க் கிராமம் ஒன்று, அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து குக்கிராமங்கள், கொட்டாய்கள், காலனி. தலைவருக்கு நிற்பவர் தாய்க் கிராமத்துக்காரர் என்றால், ஓட்டு அதிகமுள்ள கொட்டாயில் ஒருவருக்கு வைஸு பதவி ஆசை காட்டினால் அந்தக் கொட்டாயின் ஓட்டு மொத்தமாக விழும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்களைக்கூட அந்த ஆள் செலவிலேயே வேன் வைத்துக் கூட்டிவருவார். ஜாதிக் கணக்கு இதற்குள்ளேயே அடக்கம். தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படித் தேர்ந்தெடுத்த ஒரு வைஸுவிடம்தான் முதல் தடவை நான் மஞ்சள் பையில் செக் புத்தகத்தை வைத்துக்கொண்டு அலைந்தேன். மே மாதம். மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரில் காயில் கருகிவிட்டது. எங்கள் மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வரும்வரை ஆழ்துளைக் கிணற்று நீர்தான் கதி. அதில் ஃபுளோரைடு. குழந்தைகளின் பல்லில் மஞ்சள் கறை, பெரியவர்களுக்கு மூட்டு மடங்காது. அந்தத் தண்ணீருக்கே நான்கு நாளாகக் குடங்கள் வரிசையில் நின்றன. காயில் கட்டுகிற கடைக்காரர் பழைய பாக்கி தீராமல் மோட்டாரைத் தரமாட்டேன் என்றார். தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வைஸு தோட்டத்தில் தக்காளி கிரேடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார், பாலக்கோடு மண்டிக்கு.

"மாமா, ஒரு கையெழுத்து."

"எங்க கொட்டாயில லைட்டு எரியுதா, கிளார்க்கு?"

"அதுக்கும் இதுக்கும் என்னாங்க மாமா சம்பந்தம்? ஜனம் தண்ணியில்லாம கெடக்குது."

"சம்பந்தம் இருக்குது. தேர்தலப்போ உங்க தலைவரு என்கிட்ட என்னா சொன்னாருன்னு கேட்டுக்கிட்டு வா. அப்பறம் பேனாவை எடுக்கறேன்."

தெருவிளக்கு ஒரு சாக்கு. தேர்தலில் வேனுக்கும் சாப்பாட்டுக்கும் அவர் போட்ட பணத்தைச் சிமெண்ட் ரோடு வேலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று தலைவர் வாய்வார்த்தை கொடுத்திருந்தார். ரோடு வேலை வரவில்லை. ஐந்து வருஷத்தில் அந்த ஊராட்சியில் எத்தனையோ தடவை இதே நாடகம். தலைவரை ஊர் முழுக்கச் சேர்ந்து உட்கார வைத்தது. அவர் பேனாவை ஒரு வார்டுக்காரர் பிடித்துக்கொண்டார். துணைத் தலைவரை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் இறக்கச் சட்டத்தில் வழியுண்டு. அதற்கு உறுப்பினர்கள் ஒன்றுசேர வேண்டும், வட்டாட்சியர் கூட்டம் போட வேண்டும். அந்த உறுப்பினர்களில் பாதிப்பேரை நிறுத்தி ஜெயிக்க வைத்ததே வைஸுதான். ஓட்டுக்காகத் தேடிய துணைக்கு ஓட்டு எண்ணி முடித்த அன்றிலிருந்து கடனாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் தீர்மானமாகச் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

இதற்கு நேர்மாறான பிழையையும் பார்த்தேன். இந்த அனுபவத்தைப் பார்த்திருந்த அடுத்த தலைவர், தன் தோட்டத்தில் குத்தகைக்கு இருந்த பையனை ஒரு வார்டில் நிறுத்தி வைஸு ஆக்கினார். அவன் வெற்றுக் காசோலைகளில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். வேலை மளமளவென்று நடந்தது. தணிக்கை வந்தபோது தடைகளும் மளமளவென்று எழுதினார்கள். அவற்றுக்குப் பதில் எழுதியே என் கண் போயிற்று.

சரியான தேர்வு என்று நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். 2006-இல் ஜெயித்த தலைவர் ஒருவர், ஏரிப் புறம்போக்குத் தகராறில் தன்னோடு வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒருவர் வீட்டுக்கு, மனுப்போடும் முன்பே போனார். "நீ வார்டுக்கு நில்லு. வைஸுக்கு நான் உனக்கு ஆள் சேர்க்கறேன். ரோடு, காண்ட்ராக்ட்டு ஒண்ணும் தரமாட்டேன். பில்லைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும், அதான் வேலை." நிறையப் பேர் சிரித்தார்கள். அந்த வைஸு உண்மையாகவே பில்லைப் படித்தார். பைப் லைன் வேலை ஒன்றில் ஆறு கிலோ பி.வி.சி. பைப் என்று பில். இவர் மண்வெட்டியோடு போய் ஓரிடத்தில் தோண்டினார். பைப்பின் மேல் அச்சடித்திருந்தது நாலு கிலோ. அழுத்தம் தாங்காமல் ஒரு கோடையிலேயே வெடித்துவிடும். துண்டை அறுத்து எடுத்துவந்து ஊராட்சி அலுவலக மேஜையில் வைத்தார். தலைவருக்குக் கோபம், ஒப்பந்தக்காரர் அவர் சொந்தக்காரர். இரண்டு நாள் இருவரும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒப்பந்தக்காரர் பைப்பை மாற்றினார். அந்த லைனில் இன்றும் தண்ணீர் வருகிறது.

அமெரிக்காக்காரர்கள் இதில் எங்களைவிட முந்திப் பட்டவர்கள். அங்கே ஆரம்பத்தில் அதிக ஓட்டு வாங்கியவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். 1796-இல் ஆடம்ஸுக்கு எதிராளி ஜெஃபர்சனே துணையாக வந்து சேர்ந்தார். 1800-இல் ஜெஃபர்சனும், அவருக்குத் துணையாக நின்ற பர்ரும் ஆளுக்கு 73 ஓட்டு வாங்கிச் சமமாக நின்றார்கள், பர் விட்டுக்கொடுக்கவில்லை, பிரதிநிதிகள் சபை 36 தடவை வாக்கெடுத்த பிறகே தீர்ந்தது. 1804-இல் திருத்தம் கொண்டுவந்து இரண்டு பதவிக்கும் தனித்தனி ஓட்டு என்றாக்கினார்கள். அதற்குப் பிறகும் கொட்டாய்க் கணக்கு போகவில்லை. 1960-இல் மாசசூசெட்ஸ்காரர் கென்னடி டெக்சாஸ்காரர் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டதில், எங்கள் ஊர்த் தலைவர் மேல்கொட்டாய்க்குப் போனதைத் தவிர வேறென்ன இருக்கிறது? 1945-இல் ரூஸ்வெல்ட் நான்காம் முறை பதவியேற்று 82 நாளில் இறந்தபோது, அணுகுண்டு தயாராகும் விவரம்கூடத் துணை அதிபர் ட்ரூமனுக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. டெல்லியில் இந்தத் தொல்லை வேறு விதம். குடியரசுத் தலைவரும் துணைத் தலைவரும் தனித்தனித் தேர்தலில், வெவ்வேறு வாக்காளர்களால், வெவ்வேறு ஆண்டுகளில்கூட வரலாம்.

எங்கள் ஏற்பாட்டில் இன்னொரு முடிச்சு உண்டு, அதைப் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. தலைவர் பதவிக்கு ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் என இடஒதுக்கீடு உண்டு. பெண்களுக்கு 2016-இல் பாதி இடம் என்றே ஆயிற்று. துணைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை. ஆகவே தனி ஊராட்சி என்று அறிவித்தவுடன் ஊரில் செல்வாக்குள்ளவர்கள் வார்டுக்குப் போட்டியிட ஓடுவார்கள். தலைவர் வேட்பாளர் வைஸுவைத் தேடுவது போய், வைஸு ஆகப்போகிறவர் தனக்குத் தோதான தலைவரைத் தேடும் தலைகீழ் வேலை அங்கே நடக்கும். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் 2020 அக்டோபரில் வெளிவந்ததே, அங்கே வழக்கில் சிக்கியவர்களில் துணைத் தலைவரும் ஒருவர். மதுரை மாவட்டம் மேலவளவை இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். 1997 ஜூன் 30-இல் அங்கே கொல்லப்பட்ட ஆறு பேரில் தலைவர் முருகேசனும் உண்டு, துணைத் தலைவர் மூக்கனும் உண்டு. துணை என்ற பதவியை அந்த மனிதர் எடுத்துக்கொண்ட விதம் வேறு.

எங்கள் பக்கத்தில் தனி ஊராட்சி ஒன்றில் ஜெயித்த அம்மா ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டார். மகளிர் குழுவில் தன்னோடு கணக்குப் புத்தகம் எழுதிய மூன்று பெண்களை மூன்று வார்டுகளில் நிறுத்தினார். மூவரும் ஜெயித்தார்கள். 2020 ஜனவரி 11 மறைமுகத் தேர்தலுக்கு முந்திய இரவுகளில் மற்ற உறுப்பினர்கள் சிலர் "ஏற்காடு பார்க்க"ப் போயிருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் தேர்தல் சமயத்தில் மலை பார்க்கும் ஆசை பலருக்கு வரும். இந்த மூவரும் வீட்டிலேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவரே வைஸு ஆனார். அவர் மாமனார் வீட்டுத் திண்ணையில் பெரிய மனிதர்கள் இரண்டு தடவை பஞ்சாயத்துப் பேசியும், காசோலை ஒருநாளும் நிற்கவில்லை.

காசோலை குறைந்து பணம் இணைய வழியில் போகத் தொடங்கியபின் கையெழுத்துக்கு ஒரு டாங்கிள் வந்தது. பல ஊராட்சிகளில் வைஸுவின் டாங்கிள் தலைவர் வீட்டு பீரோவிலும், பாஸ்வேர்டு கம்ப்யூட்டர் சென்டர் பையன் நினைவிலும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் இரண்டு பேரைக் கேட்டது, ஊர் மூன்றாவது ஒருவனிடம் கொடுத்து வைத்தது.

2020-இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்தல் எப்போது வந்தாலும் தலைவருக்கு நிற்பேன் என்று ஒரு பையன் அன்றிலிருந்து என் வீட்டுக்கு வந்துபோகிறான். என் பழைய சிநேகிதரின் மகன். வைஸுக்கு மூன்று பெயர் எழுதி வைத்திருக்கிறான். மூன்றும் கொட்டாய்க் கணக்கு. பைப் தோண்டியவரின் தம்பி மகள் ஒருத்தி பி.காம். படித்துவிட்டு ஊரிலேயே இருக்கிறாள், கிராம சபையில் எழுந்து நூறு நாள் வேலைப் பட்டியலில் செத்தவர் பெயர் இருப்பதைக் கேட்டவள், அவளைப் போய்ப் பார் என்றேன்.

"அந்தப் புள்ளயா? அது என்னையே கேள்வி கேக்குமே, பெரியப்பா."

இன்னும் போய்ப் பார்க்கவில்லை. பெயர்கள் மட்டும் மூன்றிலிருந்து இரண்டாகியிருக்கின்றன.